லேபிளில் ஜஸ்டிஃபை 'லெஃப்ட்' கொடுத்தும் உரை நடுவிலேயே நிற்கிறது. சாளரமும் அகலம் மாறிக்கொண்டே இருக்கிறது (பைத்தான், டிகேஇன்டர்)

தொடக்கநிரலர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஒரு கோப்புறையில் உள்ள படங்களை இன்னொரு கோப்புறைக்கு நகலெடுக்கும் சிறிய கருவி ஒன்றைப் பைத்தானில், சாளரங்களும் பொத்தான்களும் அமைக்க உதவும் டிகேஇன்டரைக் கொண்டு எழுதி வருகிறேன். மேலே ஒரு தலைப்பு லேபிள் (உரையைக் காட்டும் பகுதி), அதன் கீழே எந்தக் கோப்பு இப்போது நகலாகிறது என்பதை முழுப் பாதையுடன் காட்டும் நிலை லேபிள், அதற்கும் கீழே 'தொடங்கு', 'நிறுத்து' என்ற இரண்டு பொத்தான்கள். சாளரத்தில் இருப்பது இவ்வளவுதான். எல்லாவற்றையும் கிரிட் முறையில் (வரிசை, நெடுவரிசைக் கட்டங்களில்) அடுக்கியிருக்கிறேன். நகல் வேலை சரியாக நடக்கிறது. நிலை லேபிள்தான் சொன்ன பேச்சைக் கேட்க மறுக்கிறது.

முதலாவது, அந்த லேபிளுக்கு ஜஸ்டிஃபை என்ற ஆப்ஷனில் 'லெஃப்ட்' என்று கொடுத்திருந்தும், 'தயார்' என்ற ஒற்றைச் சொல்லானாலும் நீண்ட பாதையானாலும் உரை நடுவிலேயே நிற்கிறது. இரண்டாவது, பாதை நீளும்போது சாளரம் அகன்றும், குறுகும்போது சுருங்கியும், கீழே உள்ள பொத்தான்கள் இடமும் வலமுமாக ஆடுகின்றன. விட்த் ஆப்ஷனில் 40 என்று கட்டிப்போட்டபோது ஆட்டம் நின்றது. ஆனால் நீண்ட பாதைகளின் இரண்டு முனைகளும் வெட்டுப்பட்டு, நடுப்பகுதி மட்டும் தெரிகிறது. மூன்றாவது, சுழற்சிக்குள் ஒவ்வொரு கோப்புக்கும் லேபிளின் உரையை மாற்றச் சொல்லியிருந்தும் திரையில் எதுவும் மாறாமல், எல்லாம் முடிந்த பிறகு கடைசிக் கோப்பின் பெயர் மட்டும் வந்து நிற்கிறது.

இந்த ஆப்ஷன்கள் ஒவ்வொன்றும் எதைக் கட்டுப்படுத்துகின்றன என்பதை யாராவது விளக்கினால் உதவியாக இருக்கும். ஆயத்த நிரலை விட அந்த விளக்கமே எனக்கு அதிகம் தேவைப்படுகிறது.

சாளரவாசி

உங்களுடைய முதல் இரண்டு சிக்கல்களும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. 'இடதுபுறம்' என்று நாம் சொல்வதற்கு டிகேஇன்டரில் மூன்று வெவ்வேறு பொருள்கள் உண்டு. மூன்றுக்கும் மூன்று ஆப்ஷன்கள் இருக்கின்றன. சுவரில் மாட்டிய பலகை, பலகையில் ஒட்டிய தாள், தாளில் எழுதிய வரிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பலகை சுவரின் எந்தப் பக்கம் இருக்கிறது, தாள் பலகையின் எந்த ஓரத்தில் இருக்கிறது, வரிகள் தாளுக்குள் எந்தப் பக்கமாக ஒழுங்காகின்றன என்பவை தனித்தனிக் கேள்விகள்.

ஜஸ்டிஃபை என்பது கடைசிக் கேள்விக்கான விடை மட்டுமே. உரையில் ஒன்றுக்கு மேற்பட்ட வரிகள் இருந்தால், அவற்றுள் குறுகிய வரிகள் நீண்ட வரியின் இடது ஓரத்தோடு சேர வேண்டுமா, வலது ஓரத்தோடு சேர வேண்டுமா, நடுவில் நிற்க வேண்டுமா என்பதை மட்டும் அது தீர்மானிக்கிறது. உங்கள் லேபிளில் ஒரே ஒரு வரிதான் இருப்பதால், அதில் எந்த மதிப்பைக் கொடுத்தாலும் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. லேபிளுக்குள் அந்த உரை எங்கே உட்கார வேண்டும் என்பதைச் சொல்வது ஆங்கர் ஆப்ஷன். அதன் மதிப்புகள் திசைகளின் பெயர்களில் அமைந்தவை. இடதுபுறத்துக்கு மேற்கைக் குறிக்கும் 'டபிள்யூ' என்ற எழுத்தைக் கொடுக்க வேண்டும். சாதாரண டிகே (டிகேஇன்டருக்கு அடித்தளமான நிரலகம்) லேபிளில் ஆங்கரின் இயல்பு மதிப்பு நடு என்பதால்தான் உங்கள் 'தயார்' நடுவில் நிற்கிறது. லேபிள் என்ற செவ்வகம் கிரிட்டின் கட்டத்துக்குள் எங்கே இருக்க வேண்டும், எவ்வளவு விரிய வேண்டும் என்பது லேபிளின் ஆப்ஷனே அல்ல. அது கிரிட்டை அழைக்கும்போது கொடுக்கும் ஸ்டிக்கி.

எது எங்கே தவறுகிறது என்று தெரியாதபோது, லேபிளின் பின்னணிக்குத் தற்காலிகமாக மஞ்சள் நிறம் கொடுத்துப் பாருங்கள். மஞ்சள் செவ்வகம் உரையை ஒட்டிச் சின்னதாக, கட்டத்தின் நடுவில் தெரிந்தால் குறை ஸ்டிக்கியில் இருக்கிறது. செவ்வகம் கட்டம் முழுவதும் நிறைந்து உரை மட்டும் அதன் நடுவில் இருந்தால் குறை ஆங்கரில் இருக்கிறது. பெரிய நிரல்களில்கூட நான் முதலில் செய்வது இதைத்தான்; ஆவணத்தைப் புரட்டுவதை விட விரைவாக விடை கிடைத்துவிடுகிறது.

இனி அகலத்துக்கு வருகிறேன். விட்த் என்ற ஆப்ஷனின் அலகு, லேபிளில் உரை இருக்கும்போது பிக்சல் அல்ல, எழுத்து. அதிலும் அந்த எழுத்துருவில் சுழியம் என்ற இலக்கம் எவ்வளவு இடம் பிடிக்குமோ அதுவே ஓர் எழுத்தாகக் கணக்கிடப்படுகிறது. (அதே லேபிளில் படத்தை வைத்தால் அலகு பிக்சலாக மாறிவிடும் என்பது தனி வேடிக்கை.) ஆகவே 40 என்பது நாற்பது சுழியங்களின் அகலம். 'ண', 'ஞ', 'னௌ' போன்றவை சுழியத்தை விடப் பெரிதும் அகலமானவை என்பதால், தமிழ்ப் பெயர் கொண்ட கோப்புறைகள் பாதையில் இருந்தால் நாற்பது எழுத்துக்கு முன்பே இடம் தீர்ந்துவிடும். இடம் போதாதபோது, ஆங்கர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நிலைத்து மறுபக்கம் வெட்டுப்படும். நடு என்றால் இரண்டு பக்கமும் வெட்டுப்படும். நீங்கள் கண்டது அதுவே. ஆங்கரை மேற்காக மாற்றினால் பாதையின் தலை தெரியும், ஆனால் பயனருக்கு வேண்டிய கோப்பின் பெயர் வால் பக்கத்தில் இருப்பதால் மறைந்துவிடும். கிழக்காக மாற்றினால் பெயர் தெரியும், ஆனால் 'தயார்' வலது ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

எனவே என் பரிந்துரை இது. சாளரத்தின் அளவை முதலிலேயே ஜியாமெட்ரி வழியாக நிர்ணயித்துவிடுங்கள். அளவை நிரலோ பயனரோ ஒருமுறை நிர்ணயித்துவிட்டால், உள்ளே இருக்கும் விட்ஜெட்கள் (லேபிள், பொத்தான் போன்ற உறுப்புகள்) கேட்கும் அளவைச் சாளரம் பொருட்படுத்தாது. லேபிள் இருக்கும் நெடுவரிசைக்கு, மிச்ச இடத்தை அது எடுத்துக்கொள்ளும்படி வெயிட் 1 கொடுத்து, ஸ்டிக்கியில் கிழக்கு, மேற்கு இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். ஆங்கரையும் ஜஸ்டிஃபையையும் இடதுபுறமாக வையுங்கள். பாதை மடங்கி அடுத்த வரிக்குப் போகலாம் என்றால் ரேப்லெங்த் கொடுங்கள். அதன் அலகு பிக்சல்தான், எழுத்து அல்ல. அதன் இயல்பு மதிப்பு சுழியம். அப்படியானால் நீங்களே வரிமுறிவு இட்டாலன்றி உரை மடங்காது.

பின்னணிவேலை

மூன்றாவது சிக்கலுக்கு மட்டும் விடை சொல்கிறேன். லேபிளின் உரையை மாற்றும் வரி இயங்கியவுடன் புதிய உரை லேபிளின் உள்ளே சேர்ந்துவிடுகிறது. ஆனால் அதைத் திரையில் வரையும் பணி, நிகழ்வுச் சுழற்சி (பொத்தான் அழுத்தம், திரை வரைதல் போன்றவற்றைக் கவனிக்கும் டிகேஇன்டரின் உள்சுழற்சி) ஓய்வாக இருக்கும்போது செய்வதற்காக ஒதுக்கி வைக்கப்படுகிறது. உங்கள் நகல் சுழற்சி பொத்தானின் கமாண்ட் செயற்கூறுக்குள்ளேயே ஓடுவதால், அது முடியும் வரை நிகழ்வுச் சுழற்சிக்கு ஓய்வே கிடைப்பதில்லை. நூறு முறை மாற்றினாலும் வரையப்படுவது கடைசி உரை மட்டுமே.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு அப்டேட்-ஐடில்டாஸ்க்ஸ் என்பதை அழைத்தால் உரை திரையில் மாறும், ஆனால் 'நிறுத்து' பொத்தான் உயிரற்றே இருக்கும். அப்டேட் என்பதை அழைத்தால் பொத்தானும் வேலை செய்யும். கூடவே, நகல் நடந்துகொண்டிருக்கும்போதே பயனர் 'தொடங்கு' பொத்தானை மறுபடி அழுத்தினால் முதல் சுழற்சிக்குள் இரண்டாவது சுழற்சி தொடங்கிவிடும் என்பதால், அந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கோப்புகள் சிறியவை என்றால், ஒரு கோப்பை மட்டும் நகலெடுத்து, லேபிளை மாற்றி, ஆஃப்டர் (சற்று நேரம் கழித்து ஒரு செயற்கூறை இயக்கச் சொல்லும் வழி) வழியாகத் தன்னையே மீண்டும் அழைக்கச் சொல்லும் செயற்கூறாக எழுதுங்கள். ஆஃப்டருக்குச் செயற்கூறின் பெயரைக் கொடுக்கும்போது அடைப்புக்குறி போட்டுவிடாதீர்கள். போட்டால் அது அந்த நொடியிலேயே இயங்கிவிடும், காத்திருக்காது. கோப்புகள் பெரியவை என்றால் நகல் வேலையைத் தனி த்ரெட்டில் (இணையாக ஓடும் செயலோட்டத்தில்) வைத்து, அது கோப்புப் பெயர்களை ஒரு க்யூவில் (காத்திருப்பு வரிசையில்) போட, முதன்மை த்ரெட் ஆஃப்டர் மூலம் அவ்வப்போது அந்த க்யூவைப் பார்த்து லேபிளை மாற்றுவதே முறையானது. விட்ஜெட்களை வேறு த்ரெட்டிலிருந்து நேரடியாகத் தொடாதீர்கள். ஒரு கணினியில் ஒழுங்காக ஓடுவது மற்றொன்றில் காரணம் தெரியாமல் உறைந்து நிற்கும்.

எழுத்தளவையர்

சாளரவாசி அவர்களின் விளக்கத்தோடு உடன்படுகிறேன். ரேப்லெங்த் பரிந்துரையோடு மட்டும் உடன்படவில்லை. நிலையைக் காட்டும் லேபிள் ஒரு வரியில் நிற்பதே நல்லது. ஒரு கோப்புக்கு ஒரு வரி, அடுத்த கோப்புக்கு இரண்டு வரி என்று மாறினால், முன்பு இடவலமாக ஆடிய பொத்தான்கள் இனி மேலும் கீழுமாக ஆடும். மேலும், பாதையில் இடைவெளிகள் இல்லாவிட்டால் மடிப்பதற்குச் சொல் எல்லை கிடைக்காமல் பெயரின் நடுவிலேயே வரி முறியும்.

டிகேஇன்டர் லேபிளில், உரையைச் சுருக்கி முப்புள்ளி இடும் வசதி கிடையாது. ஆனால் அதை நாமே செய்துகொள்வது கடினமல்ல. டிகேஇன்டர்-ஃபான்ட் தொகுதியில் எழுத்துருவுக்கு மெஷர் என்ற செயற்கூறு இருக்கிறது; ஒரு சரத்தைக் கொடுத்தால் அது எத்தனை பிக்சல் அகலம் என்று சொல்லும். லேபிளின் தற்போதைய அகலத்தை வின்ஃபோ-விட்த் மூலம் பெற்று, பாதை அதை விட நீளமாக இருந்தால் நடுவிலிருந்து கோப்புறைகளை ஒவ்வொன்றாக நீக்கி, அந்த இடத்தில் முப்புள்ளி இட்டு, மீண்டும் அளந்து பாருங்கள். 'படங்கள்/2023/சுற்றுலா/முதல் நாள்/கடற்கரை' என்பது 'படங்கள்/…/கடற்கரை' என்று நின்றாலும் பயனருக்குத் தேவையானது முழுமையாகக் கிடைத்துவிடுகிறது. ஒன்றை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்: சாளரம் திரையில் தோன்றுவதற்கு முன் வின்ஃபோ-விட்த் 1 என்றே சொல்லும், ஆகவே அந்தக் கட்டத்தில் அதை நம்பிக் கணக்கிடக் கூடாது.

கோப்புறை அளவில் நீக்காமல் எழுத்து எழுத்தாக நீக்குவதாக இருந்தால், தமிழ்ப் பெயர்களில் கவனம் தேவை. 'கொ' என்பது நமக்கு ஓரெழுத்து. பைத்தானுக்கு அது 'க' என்ற குறியும் அதன் பின் வரும் உயிர்க்குறியும். இரண்டுக்கும் இடையில் வெட்டினால் 'கொடி' என்ற பெயர் 'க…' என்று முடியும். பின்பகுதியை வைத்துக்கொண்டால் தனியே நிற்கும் உயிர்க்குறி புள்ளிவட்டத்தோடு தெரியும். உயிர்க்குறியோ புள்ளியோ அடுத்து வந்தால் அங்கே வெட்டாமல் ஓரடி தள்ளிப் போகும்படி ஒரு நிபந்தனை போதும்.

தொடக்கநிரலர்

மூவருக்கும் மிக்க நன்றி. மஞ்சள் பின்னணியை இட்டவுடனே, லேபிள் கட்டத்தை நிரப்பவே இல்லை என்பது தெரிந்துவிட்டது. ஸ்டிக்கி, ஆங்கர் இரண்டையும் சேர்த்த பிறகு உரை இடதுபுறம் வந்து அமர்ந்துவிட்டது. த்ரெட்டும் க்யூவும் நன்றாக இயங்குகின்றன.

சாளரத்தின் அளவை நான் நிர்ணயிக்கவில்லை. பயனர் விரும்பியபடி இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக, லேபிளின் கன்ஃபிகர் நிகழ்வோடு ஒரு செயற்கூறைப் பிணைத்து, லேபிளின் அகலம் மாறும்போதெல்லாம் அதே அகலத்தை ரேப்லெங்த் ஆப்ஷனுக்குக் கொடுக்கிறேன். இப்போது சாளரம் கோப்புக்குக் கோப்பு குறுகிக்கொண்டே வந்து, தலைப்பு லேபிளின் அகலத்தில் நின்றுவிடுகிறது. மீண்டும் அகன்று வருவதே இல்லை. இது ஏன்? மேலும், தோற்றம் நன்றாக இருக்கும் என்று லேபிளை டிடிகே வகைக்கு மாற்றியபோது, பேட்-எக்ஸ் (உரையின் இடவலப் புறங்களில் விடும் இடைவெளி) என்பது அறியாத ஆப்ஷன் என்று பிழை வருகிறது. இரண்டு லேபிள்களும் ஒன்றில்லையா?

சாளரவாசி

எழுத்தளவையர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நிலை வரிக்கு முப்புள்ளியே பொருத்தம். ரேப்லெங்த் விளக்க வரிகளுக்கும் பிழைச் செய்திகளுக்கும் உரியது என்று வைத்துக்கொள்ளலாம். ஆயினும் உங்கள் சாளரம் ஏன் குறுகுகிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் அதே பொறி பிழைச் செய்தி லேபிளிலும் காத்திருக்கும்.

லேபிள் 400 பிக்சல் அகலம் இருக்கிறது, ரேப்லெங்த்தும் 400 என்று கொள்வோம். அடுத்த பாதை மடங்கும்போது அதன் மிக நீண்ட வரி 360 பிக்சலில் முடிகிறது. லேபிள் தனக்கு ஏறத்தாழ 360 போதும் என்று கேட்கிறது. சாளரத்தின் அளவு நிர்ணயிக்கப்படாததால் அதுவும் அப்படியே சுருங்குகிறது. உடனே கன்ஃபிகர் நிகழ்வு எழுந்து, உங்கள் செயற்கூறு ரேப்லெங்த்தையும் அந்த அளவுக்குக் குறைக்கிறது. இனி வரும் எந்த உரையும் அந்த எல்லைக்கு உட்பட்டே மடங்கும் என்பதால், லேபிள் அதை விட அதிகமாகக் கேட்க வழியே இல்லை. குறைவாகக் கேட்க மட்டும் வழி இருக்கிறது. ஒரு முறை 'தயார்' என்ற சிறிய உரை வந்தால் போதும், தலைப்பு லேபிள் தடுத்து நிறுத்தும் வரை எல்லாம் சுருங்கிவிடும். சாளரத்தின் அளவை ஜியாமெட்ரி மூலம் நிர்ணயிப்பது இந்தச் சங்கிலியை அறுக்கிறது. பயனர் ஓரத்தைப் பிடித்து இழுத்து அளவை மாற்றுவதை அது தடுக்காது; எனவே நீங்கள் விரும்பிய சுதந்திரமும் கெடாது. அளவு நிலையான சாளரத்தில் வரிகள் கூடினால் பொத்தான்கள் கீழே மறைந்துபோகும் என்பதால், மடங்கும் லேபிளுக்கு ஹைட் (உயரம்) ஆப்ஷனில் இரண்டு வரி ஒதுக்கி வையுங்கள்.

டிடிகே லேபிளைப் பொறுத்தவரை, பெயர்தான் ஒன்று; விட்ஜெட் வேறு. டிடிகே என்பது 2007-இல் வெளிவந்த டிகே 8.5-இல் சேர்க்கப்பட்ட தனித் தொகுப்பு. தோற்றத்தை விட்ஜெட்டிலிருந்து பிரித்து ஸ்டைலில் வைப்பதே அதன் நோக்கம். அதில் பேட்-எக்ஸ், பேட்-ஒய் கிடையாது. இரண்டுக்கும் சேர்த்து பேடிங் என்ற ஒரே ஆப்ஷன் உண்டு. ஹைட் ஆப்ஷனும் இல்லை. ஆகவே மேலே சொன்ன இரண்டு வரி ஒதுக்கீட்டுக்குப் பழைய லேபிளே வசதி. நிறங்களுக்குப் பழைய சுருக்கப் பெயர்கள் செல்லாது. ஃபோர்கிரவுண்ட், பேக்கிரவுண்ட் என்று முழுப் பெயரில் கொடுக்க வேண்டும். விட்த் ஆப்ஷனில் மட்டும் டிடிகே ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது: எதிர்ம மதிப்பு கொடுத்தால் அதைக் குறைந்தபட்ச அகலமாக எடுத்துக்கொள்ளும். மைனஸ் 20 என்றால், குறைந்தது இருபது எழுத்து அகலம், தேவைப்பட்டால் அதிகம். படிவங்களில் இடப்பக்கத் தலைப்புகளுக்கு இது மிகவும் பயன்படுகிறது.

வேறுகருவி

டிகேஇன்டருக்கு வெளியே இருந்து ஒரு குறிப்பு. நீங்கள் லினக்ஸிலும் இந்தக் கருவியை ஓட்டப்போவதாக இருந்தால், டிகே 8.6 அங்கே தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோத்து வரைவதில்லை என்பதை முன்பே அறிந்துகொள்ளுங்கள். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு ஆகியவை மெய்க்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். இதை எந்த லேபிள் ஆப்ஷனாலும் சரிசெய்ய முடியாது. சாளரங்கள் அமைக்கும் வேறு கருவிகளான க்யூட்டி, ஜிடிகே இரண்டும் எழுத்துகளைக் கோப்பதற்கு ஹார்ஃப்பஸ் நிரலகத்தைப் பயன்படுத்துவதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

ஜிடிகே லேபிளில் முப்புள்ளி வசதி உள்ளேயே இருக்கிறது. தொடக்கம், நடு, முடிவு என எந்த இடத்தில் சுருக்க வேண்டும் என்று சொன்னால் போதும். க்யூட்டியின் க்யூலேபிளில் அது இல்லை. க்யூஃபான்ட்மெட்ரிக்ஸில் உள்ள எலைடட்-டெக்ஸ்ட் மூலம் சுருக்கிய சரத்தைப் பெற்று லேபிளுக்குக் கொடுக்க வேண்டும். ஆனால் கோப்புப் பெயர்களைக் காட்டும் எவரும் க்யூலேபிளில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதன் இயல்பு நிலையில், உரை வெறும் எழுத்தா வடிவமைப்புக் குறிகள் கொண்டதா என்பதை அதுவே ஊகிக்கும். எச்டிஎம்எல் குறியைப் போன்ற ஒன்று கோப்பின் பெயரிலேயே இருந்தால், அந்தக் குறி திரையில் தெரியாமல் மறைந்து, மீதிப் பெயர் தடித்தோ சாய்ந்தோ தெரியும். டெக்ஸ்ட்ஃபார்மேட்டை வெற்று உரை என்று அமைத்துவிட்டால் இந்த ஐயமே இல்லை. ஜிடிகேயிலும் வெளியிலிருந்து வரும் பெயர்களை செட்-மார்க்கப் வழியாக அனுப்பாமல் செட்-டெக்ஸ்ட் வழியாக அனுப்புவதே பாதுகாப்பு.

தொடக்கநிரலர்

தெளிவாகிவிட்டது. இப்போதைக்கு இந்தக் கருவி விண்டோஸில் மட்டுமே ஓடும் என்பதால் டிகேஇன்டரிலேயே தொடர்கிறேன். முப்புள்ளி முறைக்கு மாறிவிட்டேன், சாளரம் அசையவில்லை. ஒரே ஒரு கேள்வி மிச்சம்: நகல் தோல்வியுற்ற கோப்பின் முழுப் பாதையைப் பயனர் சுட்டியால் தேர்ந்தெடுத்து நகலெடுக்க வேண்டும். லேபிளின் உரையைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லையே?

எழுத்தளவையர்

டிகேஇன்டர் லேபிளில் அது முடியாது. க்யூலேபிளிலும் ஜிடிகே லேபிளிலும் அதற்கென ஆப்ஷன் உண்டு. இங்கே லேபிளை விட்டுவிட்டு என்ட்ரி விட்ஜெட்டைப் பயன்படுத்துங்கள். அதன் ஸ்டேட்டை 'ரீட்ஒன்லி' என்று வைத்தால் தட்டச்சு செய்ய முடியாது, ஆனால் தேர்ந்தெடுத்து நகலெடுக்க முடியும். 'டிஸேபிள்ட்' என்று வைத்துவிடாதீர்கள், அதில் தேர்வும் போய்விடும். ரிலீஃபைத் தட்டையாக்கி, பார்டர் அகலத்தைச் சுழியமாக்கி, ரீட்ஒன்லி-பேக்கிரவுண்டுக்குச் சாளரத்தின் நிறத்தையே கொடுத்தால், பார்ப்பதற்கு லேபிளைப் போலவே இருக்கும்.

ரீட்ஒன்லி நிலையில் இன்ஸர்ட் மூலம் நிரலாலும் உரையை மாற்ற முடியாது. பிழையும் வராது, ஒன்றும் நடக்காது. ஆகவே ஒரு ஸ்ட்ரிங்வார் மாறியை டெக்ஸ்ட்வேரியபிளாக இணைத்து, அதன் செட் மூலம் மாற்றுங்கள். அது எந்த நிலையிலும் செல்லும். அந்த மாறியை முதன்மைச் சாளரத்துக்குப் பிறகு உருவாக்கி, செயற்கூறுக்குள் கரைந்துபோகாமல் வகுப்பின் செல்ஃபில் வைத்துக்கொள்ளுங்கள். உரையை மாற்றியவுடன் எக்ஸ்வியூ-மூவ்டு செயற்கூறை 1 என்ற மதிப்போடு அழைத்தால், பாதை எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதன் வலது முனை, அதாவது கோப்பின் பெயர், கண்ணில் படும். தலைப்பகுதியைப் பார்க்க வேண்டுமானால் பயனர் ஹோம் விசையை அழுத்திக்கொள்வார்.